முன்னைய வேலை அனுபவத்தை எப்படிச் சரிபார்ப்பது? சேவைக் கடிதம் மட்டும் போதுமா? (கொழும்பு)

ஆமர்வீதிக் கடை எழுதியது:

வணக்கம். ஆமர் வீதியில் ஹார்ட்வெயார் சாமான் இறக்குமதி செய்யும் சிறிய கம்பனி. இப்போது 14 பேர் வேலை செய்கிறார்கள், எச்ஆர் பிரிவு என்று தனியாக ஒன்றும் இல்லை. கணக்கு உதவியாளர் ஒருவரும் களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவரும் வேண்டும். நேர்முகம் முடிந்து மூன்று பேர் கையில் இருக்கிறார்கள்.

முதலாமவர் 2014 தொடக்கம் 2021 வரை கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் இருந்ததாகக் கடிதம் தந்திருக்கிறார். அந்தக் கம்பனி இப்போது இல்லை. கடிதத்தில் ஒரு கைத்தொலைபேசி இலக்கம் மட்டும்தான். இரண்டாமவர் துபாயில் ஆறு வருடம் களஞ்சிய மேற்பார்வையாளர், கடிதத்தின் பின்பக்கம் முழுக்க முத்திரைகள். மூன்றாமவர் களஞ்சிய வேலையில் இப்போதும் ஓரிடத்தில் இருக்கிறார், "அங்கே கேட்டுவிடாதீர்கள்" என்கிறார்.

கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு எடுத்துப் பேசினால் போதுமா? வேறு என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது?

வெள்ளவத்தை எச்ஆர் பதில்:

கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு மட்டும் எடுக்காதீர்கள். கடிதத்தைத் தயாரித்தவரே அந்த இலக்கத்தையும் போட்டிருக்கலாம், மறுமுனையில் பேசுபவர் நண்பராக இருக்கலாம். இலக்கத்தை நீங்களே வேறு வழியில் தேடி எடுக்க வேண்டும்: கம்பனியின் இணையத்தளம், தொலைபேசி இலக்க விசாரணைச் சேவை, அல்லது உங்கள் வியாபாரக் கோப்பில் அந்தக் கம்பனியின் பழைய விலைப்பட்டியல் இருந்தால் அது. வரவேற்பில் எடுத்து "மனிதவளப் பிரிவுக்குத் தாருங்கள்" என்று கேளுங்கள். மின்னஞ்சல் என்றால் ஜிமெயில் முகவரிக்கு எழுதாமல் கம்பனியின் சொந்த முகவரிக்கே எழுதுங்கள். அந்த முகவரியையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஓர் எழுத்தை மாற்றிப் பதிவுசெய்த போலி முகவரிகள் உண்டு.

அதற்கு முன்னால் விண்ணப்பதாரரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்குங்கள். ஒரு பக்கம் போதும்: யாரிடம் கேட்கப் போகிறீர்கள், என்னென்ன கேட்கப் போகிறீர்கள், எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், கீழே ஒப்பமும் திகதியும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் போகும் திசை இதுதான். சட்டத்தை விட்டாலும், பெரிய கம்பனிகளின் எச்ஆர் பிரிவுகள் பல அந்தத் தாளைக் காணாமல் வாயே திறப்பதில்லை.

பேசும்போது விடையை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். "2014 முதல் 2021 வரை உங்களிடம் இருந்தார்தானே?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் "ஓம்" என்று முடித்துவிடுவார், கோப்பைத் திறந்துகூடப் பார்க்கமாட்டார். "எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார், கடைசிப் பதவி என்ன, யாருக்குக் கீழே வேலை செய்தார்?" என்று திறந்து கேளுங்கள். நேரடி மேலாளரோடு பேசக் கிடைத்தால் குணத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம், எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். மாத முடிவில் வங்கி இணக்கக் கூற்றை (வங்கிக் கூற்றையும் காசேட்டையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை விளக்குவது) அவரே தயாரித்தாரா, வேறொருவர் தயாரித்ததைப் பதிந்தாரா? காசுப் பெட்டி அவர் பொறுப்பில் இருந்ததா? எவ்வளவு தொகை வரை? பதவிப்பெயர் உண்மையாக இருக்கும், செய்த வேலை பாதியாக இருக்கும். அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இனி உங்கள் முதலாமவர். கம்பனி மூடப்பட்டாலும் ஈபிஎப் மூடப்படாது. ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு மத்திய வங்கியில் அவர் பெயரில் இருக்கும். அதை நீங்கள் நேரே கேட்டால் தரமாட்டார்கள், அவர்தான் எடுத்துத் தர வேண்டும். கூற்றில் தொழில்தருநர் இலக்கமும் உறுப்பினர் இலக்கமும் இருக்கும்; கம்பனி மாறும்போது இரண்டும் மாறும். ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) கூற்றையும் சேர்த்துக் கேளுங்கள். அது வேறு சபையின் பதிவு என்பதால் இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

"ஈபிஎப் காசை எடுத்துவிட்டேன், இப்போது ஒன்றும் இல்லை" என்று சொன்னால் காரணம் கேளுங்கள். வேலையை விட்டவுடன் முழுக்க எடுக்க முடியாது. ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50. திருமணத்துக்காக வேலையை விட்ட பெண்கள், நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகிறவர்கள், நிரந்தரமாக இயலாமற் போனவர்கள், ஓய்வூதியமுள்ள அரச வேலைக்குப் போனவர்கள் என்று சில விதிவிலக்குகள்தான். எடுத்திருந்தாலும் எடுத்ததற்கான கடிதம் இருக்கும்.

கணக்குப் புத்தகம் பதில்:

மேலே சொன்னதோடு கணக்குப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

ஈபிஎப்பில் ஊழியர் பங்கு 8 வீதம், தொழில்தருநர் பங்கு 12 வீதம், மொத்தம் 20. ஈடிஎப் 3 வீதம், அது முழுக்கத் தொழில்தருநர் கட்டுவது. மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு ஈபிஎப் இல்லை. இதை வைத்து ஆண்டுத் தொகையை மாதங்களாக மாற்றலாம். சம்பளச் சிட்டையில் ஈபிஎப்புக்குரிய வருமானம் 80,000 ரூபா என்றால் மாதப் பங்களிப்பு 16,000. முழு ஆண்டுக்கு 192,000 வந்திருக்க வேண்டும். கூற்றில் அந்த ஆண்டுக்கு 112,000 மட்டும் இருந்தால் ஏழு மாதம்தான் கட்டியிருக்கிறார்கள். மிச்ச ஐந்து மாதம் எங்கே என்பது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அதைப் பொய் என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். தகுதிகாண் காலத்துக்கு ஈபிஎப் கட்டாமல் விடும் இடங்கள் ஏராளம். சட்டப்படி முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும், ஆனாலும் விடுகிறார்கள். அதனால் சேர்ந்த திகதி ஈபிஎப்பில் மூன்று முதல் ஆறு மாதம் பிந்தியிருப்பது சாதாரணம். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மிச்சத்தை வேறு பெயரில் கொடுப்பதும் உண்டு. அந்தக் குற்றம் ஊழியருடையது அல்ல. நடுவில் இரண்டு வருடம் ஒன்றுமே இல்லை என்றால் அது வேறு விடயம்.

பழைய ஆவணங்களில் காலத்தைப் பாருங்கள். போலி தயாரிப்பவர் இன்றைய மாதிரியை வைத்துத்தான் பழைய திகதியைப் போடுவார், அங்கேதான் அகப்படுவார். சில அடையாளங்கள்:

12 இலக்க அடையாள அட்டை எண் 2016 இல் வந்தது. 2014 திகதியிட்ட நியமனக் கடிதத்தில் 12 இலக்க எண் இருந்தால் அந்தக் கடிதம் 2014 இல் அச்சிட்டது அல்ல. பின்னர் எடுத்த பிரதி என்றால் பிரதி என்று எழுதியிருக்க வேண்டும்.

சம்பள வரிக்குப் பழைய பெயர் பேயீ. அது 2019 முடிவோடு நின்றது, அதன் இடத்தில் ஏபிஐடி 2020 ஏப்ரலில் தொடங்கியது. 2017 சம்பளச் சிட்டையில் ஏபிஐடி என்று ஒரு வரி இருந்தால் அதற்கு மேல் பார்க்கவே வேண்டாம்.

கம்பனிப் பதிவு இலக்கத்தில் பிவி என்று தொடங்குவது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்துக்குப் பிறகுதான். அந்தச் சட்டம் 2007 மே 3 இல் நடைமுறைக்கு வந்தது. 2005 கடிதத்தாளில் பிவி இலக்கம் இருக்க முடியாது. அதே சட்டப்படி கம்பனியின் கடிதத்தாளில் பெயரும் இலக்கமும் இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இலக்கமே இல்லையென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இலக்கம் இருந்தால் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம். பணிப்பாளர் மாற்றங்களைப் பார்க்க படிவம் 20 இன் பிரதியைக் கட்டணம் கட்டி எடுக்கலாம். கடிதத்தில் பணிப்பாளர் என்று ஒப்பமிட்டவர் அந்தத் திகதியில் உண்மையிலேயே பணிப்பாளரா என்பது அதில் தெரிந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: வரிச் சான்றிதழ், அதாவது டி10, எல்லோரிடமும் கிடைக்காது. 2020, 2021 இல் மாதம் 250,000 ரூபாவுக்கு மேல் எடுத்தவருக்குத்தான் வரி. கணக்கு உதவியாளரிடம் அந்தக் காலத்து டி10 இல்லை என்பது குறையே அல்ல.

மூடிய கம்பனி என்றால் அதன் வெளிக் கணக்காய்வாளரையும் தேடிப் பாருங்கள். கணக்கு உதவியாளராக ஏழு வருடம் இருந்தவரைக் கணக்காய்வுக்கு வந்த பெடியன்களுக்குத் தெரியாமல் இராது. விண்ணப்பதாரரிடமே "உங்கள் கணக்காய்வாளர் யார், எந்த மாதம் வருவார்கள், முதலில் எந்தக் கோப்பைக் கேட்பார்கள்?" என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

ஆமர்வீதிக் கடை எழுதியது:

மிக்க நன்றி. முதலாமவருடைய கடிதத்தில் பதிவு இலக்கம் இல்லை. அவரிடம் ஈபிஎப், ஈடிஎப் கூற்று கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொன்னார். அவர் 2021 க்குப் பிறகு வேலை செய்த இடத்துக்கும் எடுத்தேன். "திகதியும் பதவியும் மட்டும்தான் சொல்வோம், வேறு ஒன்றும் சொல்லமாட்டோம்" என்றார்கள். ஏதோ மறைக்கிறார்களா?

வெள்ளவத்தை எச்ஆர் பதில்:

இல்லை. பல கம்பனிகளின் வழமை அது. கூடாத வார்த்தை ஒன்று சொல்லி அதனால் ஒருவர் வேலை இழந்தால் மானநட்ட வழக்கு வரலாம் என்று பயப்படுகிறார்கள். திகதியும் பதவியும் ஒத்துவந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், மௌனத்துக்கு அர்த்தம் கற்பிக்க வேண்டாம். இன்னும் ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம்: "மீண்டும் விண்ணப்பித்தால் எடுப்பீர்களா?" சிலர் பதில் சொல்வார்கள், சிலர் சொல்லமாட்டார்கள். யாரோடு, என்ன திகதி, எத்தனை மணிக்குப் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்று அப்போதே எழுதி ஒப்பமிட்டுக் கோப்பில் வையுங்கள்.

தேரா துபாய் பதில்:

இரண்டாமவரின் முத்திரைகள் பற்றி. முத்திரை குத்தும் அதிகாரி தனக்கு முன்னால் இருக்கும் ஒப்பமும் முத்திரையும் உரிய அலுவலகத்தினுடையதா என்றுதான் பார்க்கிறார். இவர் ஆறு வருடம் வேலை செய்தாரா, மேற்பார்வையாளராக இருந்தாரா என்று அவர் விசாரிப்பதில்லை. பின்பக்கம் நிறைய முத்திரை இருப்பது கடிதம் பல மேசைகளைத் தாண்டி வந்தது என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

பழைய கடவுச்சீட்டைக் கேளுங்கள். அமீரகத்தின் வதிவிட விசா ஒட்டியில் தொழிலும் அனுசரணையாளர் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். 2022 இல் ஒட்டியை நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பிறகு எமிரேட்ஸ் அடையாள அட்டைதான். ஆகவே கடைசி வருடங்களுக்கு ஒட்டி இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். விசாவில் வேறு தொழில் எழுதியிருப்பதும் நடக்கும்; கம்பனிக்கு எந்தத் தொழிலில் விசா கிடைத்ததோ அதில் ஆளை எடுத்துவிட்டு வேறு வேலை கொடுப்பார்கள். அனுசரணையாளர் பெயர் கடிதத்தில் உள்ள கம்பனியோடு பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம். ஆள் வழங்கும் கம்பனி மூலம் போனவருக்கு அதுவும் பொருந்தாது. அப்போது அந்தக் கம்பனியோடு செய்த ஒப்பந்தத்தைக் கேளுங்கள்.

அங்கே சம்பளம் ஊதியப் பாதுகாப்பு முறைமை வழியாக வங்கிக்கோ சம்பள அட்டைக்கோ போகும், 2009 இலிருந்து அந்த முறை இருக்கிறது. வங்கிக் கூற்று வைத்திருந்தால் சம்பளம் வந்த வரிகள் மட்டும் தெரியும்படி மற்றதை மறைத்துத் தரச் சொல்லுங்கள். அவருடைய செலவுக் கணக்கு உங்களுக்குத் தேவையில்லை.

அழைப்பதென்றால் துபாய் நேரம் கொழும்புக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். காலை பத்தரைக்கு எடுத்தால் அங்கே ஒன்பது. 2022 தொடக்கம் அங்கே அரசின் வார விடுமுறை சனி, ஞாயிறு, வெள்ளி அரை நாள். கட்டார், குவைத், சவூதி என்றால் இரண்டரை மணித்தியாலம் பின்னால், விடுமுறை வெள்ளியும் சனியும். இதைப் பார்க்காமல் மூன்று நாள் எடுத்துவிட்டு "அப்படி ஒரு கம்பனியே இல்லை" என்று முடிவுகட்டுகிறார்கள். அது விண்ணப்பதாரருக்குச் செய்யும் அநியாயம்.

கொட்டாஞ்சேனை சட்டம் பதில்:

மூன்றாமவர் பற்றியும், யாரும் தொடாத ஒரு விடயம் பற்றியும்.

இப்போது வேலை செய்யும் இடத்தில் அவர் சம்மதம் இல்லாமல் ஒருபோதும் கேட்காதீர்கள். உங்கள் ஓர் அழைப்பால் அவர் இருக்கும் வேலையையும் இழக்கலாம். அதற்கு முந்திய இடத்தில் கேளுங்கள். இப்போதைய இடத்துக்கு கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டையும் நியமனக் கடிதமும் போதும். அங்கிருந்து விலகிப்போன முன்னாள் மேலாளர் ஒருவரை அவரே காட்டினால் அவரோடு பேசலாம். அந்த மேலாளர் உண்மையில் அங்கே இருந்தவரா என்று லிங்க்ட்இன்னிலோ வேறு வழியிலோ பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை நிபந்தனையோடு நியமனம் கொடுத்து, அவர் பதவி விலகல் கடிதம் கொடுத்த பிறகு சரிபாருங்கள். "தந்த தகவல் பொய் எனத் தெரிந்தால் நியமனம் இரத்தாகும்" என்ற வாசகம் நியமனக் கடிதத்தில் இருக்கட்டும். விண்ணப்பப் படிவத்திலும் அதே வாசகத்துக்குக் கீழே ஒப்பம் வாங்குங்கள்.

இப்போது அந்த மற்ற விடயம். உங்களிடம் 14 பேர். இரண்டு பேரைச் சேர்த்தால் 16. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம் சராசரியாக 15 பேருக்குக் குறையாத இடங்களுக்குப் பொருந்தும். 180 நாள் சேவை முடித்தவரை ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்திலும் எல்லை 15 பேர்தான். ஆகவே "எடுத்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் அனுப்புவோம்" என்ற பழைய முறை இனி உங்களுக்கு இலகுவாக இராது. சரிபார்ப்பை முடித்துவிட்டு நியமியுங்கள். முடியாமல் போன ஒன்றிரண்டு இருந்தால் ஆறு மாதத் தகுதிகாண் காலத்தின் முதல் இரண்டு மாதத்துக்குள் முடியுங்கள். ஐந்தாம் மாதம் வரை இழுக்க வேண்டாம்.

பொய் கண்டுபிடித்தாலும் அன்றே வெளியே அனுப்பாதீர்கள். எழுத்தில் விளக்கம் கேளுங்கள், பதிலுக்கு நாள் கொடுங்கள். அவர் தொழில் நியாய சபைக்குப் போனால் அங்கே உங்களிடம் கேட்கப்போவது அந்தக் கடிதத்தைத்தான்.

செட்டியார் தெரு பதில்:

எல்லோரும் கடிதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் பத்து, பதினைந்து வருடம் வேலை செய்துவிட்டு ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லாமல் நிற்பவர்கள் எத்தனை பேர்! கையில் சம்பளம், ஈபிஎப் இல்லை, முதலாளி தவறிப்போனதும் கடையும் போய்விடும். இவர்களைத் தாள் இல்லை என்று தள்ளிவிட்டால் களஞ்சிய வேலைக்கு நல்ல ஆட்களை இழந்துவிடுவீர்கள். பக்கத்துக் கடைக்காரரிடம், சாமான் போட்ட விற்பனைப் பிரதிநிதியிடம், லொறிக்காரரிடம் கேட்டால் அவர் எந்தக் காலத்தில் அங்கே நின்றார் என்று சொல்வார்கள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேரிடம் கேளுங்கள்.

பிறகு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கணக்கு உதவியாளருக்கு ஒரு மாத வங்கிக் கூற்றும் காசேடும் கொடுத்து இணக்கக் கூற்று தயாரிக்கச் சொல்லுங்கள். இரண்டு சமர்ப்பிக்கப்படாத காசோலை, ஒரு வங்கிக் கட்டணம், இலக்கம் மாறி எழுதிய ஒரு தொகை (5,400 ஐ 4,500 என்று) வைத்தால் போதும். முக்கால் மணித்தியாலம் தாருங்கள். ஏழு வருடம் செய்தவருக்கு வித்தியாசம் 900, ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது, ஆகவே இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று சட்டென்று பிடிபடும்.

களஞ்சியத்துக்கு வருபவரிடம் 20 பொருளின் பின் கார்ட்டை (ஒவ்வொரு பொருளின் வரவும் செலவும் இருப்பும் எழுதும் அட்டை) கொடுத்து, தட்டில் உள்ள இருப்போடு ஒப்பிடச் சொல்லுங்கள். மூன்று இடத்தில் வேண்டுமென்றே பிழை வையுங்கள். அதில் ஒன்று பெற்ற சாமானை இரண்டு தடவை பதிந்ததாக இருக்கட்டும். எண்ணிக்கையைத் திருத்திவிட்டு நிற்கிறாரா, பெறுகைக் குறிப்பை எடுத்துக் காரணம் தேடுகிறாரா என்று பாருங்கள். ஹார்ட்வெயாரில் நின்றதாகச் சொல்பவரிடம் 12 மி.மீ. கம்பி, 6 மீற்றர் நீளம், ஒரு தொன்னில் எத்தனை வரும் என்று கேளுங்கள். மீற்றருக்கு 0.888 கிலோ, ஒரு கம்பி 5.33 கிலோ, ஆகவே ஏறக்குறைய 187. கம்பி ஏற்றி இறக்கியவர் கணிப்பானைத் தொடாமல் கிட்டத்தட்டச் சொல்வார். ஆனால் துபாய்க்காரர் துணி, உணவுக் களஞ்சியத்தில் இருந்தவர் என்றால் இந்தக் கேள்வி அவருக்கு நியாயம் இல்லை. அவருக்குப் பின் கார்ட் பரீட்சையே போதும்.

சோதனைக்கு வருபவருக்குப் பஸ் செலவும் மத்தியானச் சாப்பாடும் கொடுங்கள். அரை நாளுக்கு மேல் வைத்திருந்தால் அது சம்பளம் இல்லாத வேலை.

ஆமர்வீதிக் கடை எழுதியது:

15 பேர் கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது, பெரிய உதவி. மூவரிடமும் சம்மதக் கடிதம் வாங்கிவிட்டேன், வெள்ளிக்கிழமை பரீட்சை. கடைசியாக ஒன்று: எடுக்காத ஆளின் அடையாள அட்டைப் பிரதி, ஈபிஎப் கூற்று எல்லாவற்றையும் என்ன செய்வது?

வெள்ளவத்தை எச்ஆர் பதில்:

சம்மதக் கடிதத்தில் எவ்வளவு காலம் என்று எழுதினீர்களோ அவ்வளவு காலம்தான் வைத்திருக்கலாம். மூன்று மாதம் என்று போட்டிருந்தால் மூன்று மாதம். அது முடிந்ததும் பிரதிகளைக் கிழித்து அழியுங்கள், குப்பைக் கூடையில் முழுத்தாளாகப் போட வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த படங்களைக் கைத்தொலைபேசியின் கலரியிலிருந்தும் அழிக்க வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மூலப்பிரதி ஏதாவது வாங்கியிருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சேவைக் கடிதத்தின் மூலப்பிரதி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.